ஆளுக்குள் இருந்த ஆள்

ஜாக்குலின் பயந்த பிறவி. வீட்டை விட்டுக் கிளம்பினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பாள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுக் கையால் தடவிப் பார்ப்பாள், அப்புறமும் குனிந்து மோந்து பார்ப்பாள். புருஷன் பிரேம்சிங் போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். "உன்னயக் கட்டுனதுல ஒரு லாபம், நம்ம வீட்டுக்கு நாய் தேவையில்ல" என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அவள் அப்பா மலைக்கு ஜீப்பு ஓட்டியவர். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் போவார், பொழுது சாய இறங்குவார். ஜாக்குலினுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் அவர் இறங்கவில்லை. அம்மா வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். விசாரிக்க ஒரு இடமில்லை, வந்து சொல்லவும் ஒரு ஆளில்லை. மறுநாள் மத்தியானம் அப்பா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒடிந்த கை மூன்று மாதத்தில் கூடிவிட்டது. காத்திருந்த அந்த ஒரு நாள் மட்டும் மகளுக்குள் கூடவுமில்லை, ஆறவுமில்லை.

அதனால்தான் முத்துக்கிருஷ்ணன் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்ததும் அவளாகவே அந்த ஏற்பாட்டைச் செய்தாள். முத்துக்கிருஷ்ணன் நாலைந்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பு விடுகிறவர். காலையில் டிரைவர்கள் யார் யார் ஏறினார்கள் என்று போனில் பதிவார்கள். சாயங்காலம் மலையடிவாரத்தில், முந்தல் சோதனைச்சாவடியில், ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு டிக் போடுவார்கள். டிக் விழுந்த உடனே அந்த ஆளின் வீட்டுக்கு ஒரு செய்தி போகும், "மலையிலிருந்து இறங்கிவிட்டார்" என்று. அந்த வாசகம்கூட அவள் எழுதியதுதான்.

இதை மனுஷர் உட்கார்ந்து செய்வதில்லை. கட்டம் கட்டமாக வேலையைக் கைமாற்றிவிடுகிற ஒரு மென்பொருள் செய்கிறது. முதல் கட்டம் டிரைவர்களின் பதிவை வாங்கும். அது எக்ஸ்எம்எல் என்கிற கோப்பாக வரும். அது ஒன்றும் பெரிய மாயமில்லை. ஜீப்புக்குள் மூட்டை, மூட்டைக்குள் பை, பைக்குள் பொட்டலம் என்று அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினால் எப்படியோ அப்படி. இரண்டாவது கட்டம் அதற்குள்ளிருந்து பெயர்களை எடுக்கும். எங்கே போய் எடுக்க வேண்டும் என்று அதற்கு வழி எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாக்குலின் எழுதிய வழி "ஜீப்பு/ஆள்". நடுவில் ஒரு சாய்கோடு. ஜீப்புக்குள் ஒரு படி இறங்கு, அங்கே இருக்கிற ஆட்களை எல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று அர்த்தம். மூன்றாவது கட்டம் அந்தப் பெயர்களை டிரைவர் போனுக்கு அனுப்பும். இரண்டு வருஷமாக ஒரு பெயர் தவறியதில்லை.

ஐப்பசி அடைமழையில் அது தவறியது.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு மலைப்பாதையில் மண் சரிந்தது. இறங்கி வந்த மூன்று ஜீப்புகளும் சரிவுக்கு மேல்பக்கம் நின்றுவிட்டன. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி, பெண்களை ஒவ்வொருத்தராகக் கைப்பிடித்து இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். கீழேயிருந்து போன வண்டிகள் அவர்களை முந்தலுக்கு ஏற்றி வந்தன. டிரைவர் சின்ராசு நனைந்த கையோடு பெயர் கூப்பிட்டான். ஒவ்வொரு டிக்கும் விழ விழ ஜாக்குலின் திரையில் எண் ஏறியது. ஐந்து மணிக்கு நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. அப்போதுதான் அவள் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள்.

முத்துக்கிருஷ்ணன் சாவடியில் இருந்த தீயணைப்பு அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னார்: "நம்ம ஆளுக பூராம் வந்தாச்சு சார். கணக்கு சரியா இருக்கு."

ஐந்தேகாலுக்கு ஒரு பெண் நனைந்த முந்தானையோடு ஆபீசுக்குள் வந்து நின்றாள். ராசிங்காபுரத்துப் பாண்டியம்மாள்.

"ஏந்தாயி, இங்க இருந்துதான் எல்லாருக்கும் மணியடிக்கிறீகளாமே. ஆளத் தேடி எங்கூட பஸ்சுல வந்த பொம்பளைக போனெல்லாம் கூவுச்சு. என்னுது கூவல."

"யாரும்மா மலைக்குப் போனது?"

"எம்மக ஜோதி. இந்த வாரந்தான் வேலைக்குப் போறா."

ஜாக்குலின் பட்டியலில் தேடினாள். ஜோதி என்று ஒரு பெயரும் இல்லை. மனது லேசானது. "அவ இன்னைக்கு மலைக்குப் போகலம்மா. லிஸ்ட்டுல பேரே இல்ல. வேற எங்கயும் போயிருப்பா."

பாண்டியம்மாள் அவளையே பார்த்தாள். "காலைல இந்தக் கையால தூக்குவாளியில சோறு போட்டுக் குடுத்தேன். வீரலட்சுமி கூட ஜீப்புல ஏறுனதக் கண்ணால பாத்துட்டு வந்தேன். போகலைங்கிறியே, இது நீ சொல்றியா, உம் பெட்டி சொல்லுதா?"

ஜாக்குலினுக்குத் திங்கட்கிழமை காதில் விழுந்த ஒரு சேதி நினைவுக்கு வந்தது. டிரைவர்களின் போனில் புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது, தெரிந்த பெண் யாரையாவது கூட்டி வந்தால் கூட்டி வந்தவள் பெயருக்குக் கீழேயே சேர்த்துவிடலாம் என்றார்கள். சின்ராசுக்கு அது வசதியாகப் போயிற்று. மலை வேலையில் வழக்கமே அதுதான். புதுசாக வருகிறவள் இன்னார் கூட வந்தவள் என்றுதான் அறியப்படுவாள். அன்றைக்கு ஜாக்குலின் தன் கட்டங்களை ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும் பச்சை எரிந்தது. சரி என்று விட்டுவிட்டாள். பூட்டை மூன்று தடவை இழுக்கிறவள் இதை ஒரு தடவைகூடத் திறந்து உள்ளே பார்க்கவில்லை.

கோப்பைத் திறந்தாள். விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இறங்கினாள். ஜீப்பு. அதற்குள் ஆள், வீரலட்சுமி. அந்த வீரலட்சுமி முடிவதற்குள், அவள் வயிற்றுக்குள் இருப்பது மாதிரி, இன்னொரு ஆள். ஜோதி.

ஆளுக்குள் ஆள். ஒரு படி மட்டும் இறங்கு என்று எழுதியிருந்தாள். அது ஒரு படிதான் இறங்கியிருக்கிறது. இரண்டாவது படியில் இருந்தவளை அது பார்க்கவே இல்லை. விட்டுவிட்டேன் என்று சத்தம் போடவும் அதற்குத் தெரியாது. கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டுவிட்டது.

அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். அப்புறம் "ஜீப்பு//ஆள்" என்று திருத்தினாள். சாய்கோடு இரண்டு போட்டால் எத்தனை படி ஆழத்தில் இருந்தாலும் தேடி எடுக்கும். மறுபடி ஓட்டினாள். நாற்பத்திமூன்று.

உடனே போன் அடித்தது. சின்ராசு. "என்ன ஆத்தா, என் போன்ல ரெண்டு பேரு புதுசா முளைச்சிருக்காக? ஜோதி, சுசித்ரா."

"அண்ணே, அவங்க ரெண்டு பேரும் அங்க இருக்காங்களா?"

"இல்லையே ஆத்தா. நீ குடுத்த பேரத்தான கூப்பிட்டேன்."

கோப்பில் சுசித்ராவும் வீரலட்சுமிக்குக் கீழேதான் இருந்தாள். ஜோதிக்கு அவள் அம்மா நம்பர்தான், சுசித்ராவுக்குச் சொந்த நம்பர் இருந்தது. அடித்தாள். ஐந்தாவது தடவை மணி அடித்ததும் கம்மிய குரல் வந்தது. "வீட்லதான்க்கா கெடக்கேன். மத்தியானமே காய்ச்ச. ஜோதி என்னயத் தாங்கலாக் கூட்டியாந்து ரோட்டுல பால் ஜீப்புல ஏத்திவிட்டா."

"அவளும் ஏறுனாளா?"

"இல்லக்கா. பறிச்ச ஏலக்கா பாதி மூடையில கெடக்குன்னு திரும்பிப் போயிட்டா. தோட்டத்துக்குப் போற குறுக்குத் தடத்துல. ஏன், அவ வரலையா?"

அப்படியானால் வீரலட்சுமி என்ன நினைத்திருப்பாள்? இரண்டு பேரும் மத்தியானமே இறங்கிவிட்டார்கள் என்றுதான். பெயர் கூப்பிட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கூப்பிடத்தான் பெயர் இல்லை.

பாண்டியம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஜாக்குலினால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. அவள் அம்மா அன்றைக்கு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கை மாதிரியே இருந்தது.

உள்ளறைக்குப் போனாள். "அண்ணே, ஒரு ஆளு மேல இருக்கு. லிஸ்ட்டுல விட்டுப்போச்சு. தப்பு என்னோடது."

முத்துக்கிருஷ்ணன் எழுந்தே விட்டார். "பூட்ட இழுத்து இழுத்துப் பாக்கிற ஆளு நீ. உன்ன நம்பித்தான கணக்கு சரின்னு சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டு நானே பேசறேன். நம்பர் போடுங்க. வெரசாப் போடுங்கண்ணே, இருட்டிரும்."

அவர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு நம்பரைப் போட்டுக் கொடுத்தார். சாவடியில் தீயணைப்பு வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது போனிலேயே கேட்டது. பேசியவர் சலித்துக்கொண்டார். ஆள் இருக்கா இல்லையா, ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்றார். ஜாக்குலின் பெயரைச் சொன்னாள், தடத்தைச் சொன்னாள், மத்தியானம் எங்கே பிரிந்தாள் என்பதைச் சொன்னாள். ஒரு விவரத்தையும் விடவில்லை. தடம் தெரிந்த சின்ராசு, தானும் கூடப் போவதாகச் சொன்னான். உறுமிய வண்டி அடங்கியது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. டீக்கடையிலிருந்து வந்த டீ இரண்டும் ஆடை கட்டி ஆறிப்போயின. மழை தகரத்தில் அடித்தது. ஒவ்வொரு ஜீப்புச் சத்தத்துக்கும் பாண்டியம்மாள் தலை நிமிரும், தாழும். ஜாக்குலின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்திமூன்றுக்கு நாற்பத்திரண்டு. சுசித்ராவுக்கு அவளே டிக் போட்டிருந்தாள்.

ஏழு மணி ஆகப்போகும்போது பாண்டியம்மாள் மடியில் போன் கூவியது. அவள் எடுத்து அப்படியே நீட்டினாள். "என்ன போட்டிருக்கு தாயி? எனக்கு வாசிக்கத் தெரியாது."

'ஜோதி மலையிலிருந்து இறங்கிவிட்டார்.'

தான் எழுதிய வாசகம். இருந்தும் ஜாக்குலினால் அதை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. டிக் யார் கை பட்டும் விழுந்திருக்கலாம். சின்ராசுக்கு அடித்தாள். "அண்ணே, போன அவ கையில குடுங்க. அவ பேசணும்."

கரகரப்பு. யாரோ கம்பளியை இழுத்துப் போர்த்துகிற சத்தம். பிறகு பல் கிடுகிடுக்க ஒரு சின்னக் குரல். "அக்கா, வழுக்கிக் கால் பெசகிருச்சு. நடக்க முடியல. பாறைக்கடியில உக்காந்துக்கிட்டேன். கூப்பாடு போட்டேன், மழையில யாருக்கும் கேக்கல."

"உங்கம்மா இங்கதான் இருக்காங்க."

"ஐயோ. அக்கா, தூக்குவாளிய ஓடையில விட்டுட்டேன். அம்மாட்டச் சொல்லிராதீக."

பாண்டியம்மாள் காதை ஒட்டி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். "கேட்டுட்டேன்டி. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அவளை முந்தலுக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து, ஜாக்குலின் மறுபடி கோப்பைத் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து எண்ணினாள். நாற்பத்திமூன்று. இன்னொரு தடவை எண்ணினாள். பச்சை விளக்கை அவள் இனி எந்த நாளும் நம்பப்போவதில்லை.

வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. முத்துக்கிருஷ்ணன் குடையை அவள் தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தபடி நின்று காத்திருந்தார்.