பச்சைக் கப்பில் தண்ணீர்

என் ஜாதகத்தை நான் முதன்முதலாகக் கையில் எடுத்ததே கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான், அதுவும் அதன் பின்பக்கம் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவதற்காக. காலேஜில் படிக்கும்போது, ஆவி உலாவுகிறது என்று எல்லோரும் காலி செய்துவிட்டுப் போன விடுதி அறையை, தனி அறை கிடைக்கிறதே என்று கேட்டு வாங்கித் தங்கியவன் நான். இரண்டு வருஷத்தில் அங்கே என்னைத் தேடி வந்தது மூட்டைப்பூச்சி மட்டும்தான். இதை ஏன் முன்கூட்டியே சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் புருவத்தைத் தூக்குவீர்கள். தாராளமாகத் தூக்குங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் எழுந்தே போயிருப்பேன்.

விருத்தாசலத்துக்கு வெளியே, பைபாஸிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் நகர். மனை விற்ற நோட்டீஸில் ‘ஏரிக்கரை வில்லாக்கள், சென்னைக்குக் கூப்பிடு தூரம்’ என்று போட்டிருந்தார்கள். கூப்பிடு தூரம் என்பது உண்மைதான், போனில் கூப்பிட்டால். மற்றபடி ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்து, ஒரு முழுத் தூக்கம் போட்டு எழுந்தால் எழும்பூர் வரும். ஏரி என்பதும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உண்மை. பீங்கான் யூனிட்டுகளுக்காக ஒரு காலத்தில் களிமண் வெட்டியெடுத்த பெரிய பள்ளம் அது. மழையில் நிரம்பி, பிறகு வற்ற மனசில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. மனை விற்றவர் கரையைச் சுற்றிக் கொன்றை மரங்களை நட்டு, இரண்டு சிமெண்டு வாத்துகளை நிறுத்தி, அதை ஏரி என்று அறிவித்துவிட்டார். நாங்களும் ஏற்றுக்கொண்டோம். பதினொரு வீடு, ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் பாதி, அவர்கள் எதற்கு நடக்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் மீதி. நான் இரண்டாவது வகை.

எனக்கு வேலை சென்னையில். திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் போய் வெள்ளிக்கிழமை திரும்புவேன். வாரம் முழுக்க வீட்டில் மனைவி கோமதி மட்டும்தான். எங்கள் ஒரே மகளும் சென்னையில்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அங்கேயே வரன் அமைந்தது. பையன் வீட்டார் பரம்பரை பரம்பரையாக அடுக்குமாடியில் வாழ்கிறவர்கள், தண்ணீரை லாரியில் மட்டுமே பார்த்தவர்கள். அவர்களிடம் போனில் பேசும்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “எங்க வீட்டுக்குப் பின்னாடியே ஏரிங்க, தண்ணிக்குள்ளயே மேடை இருக்கு, நிச்சயதார்த்தத்த அங்கயே வச்சுடலாம்” என்று சொல்லிவிட்டேன். ஏரியாவது ஏதோ ஒரு வகையில் இருந்தது, மேடை எந்த வகையிலும் இல்லை. மகள் தன் சிநேகிதிகள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. நாள் குறித்து, நடுவில் நாலு சனிக்கிழமைதான் மிச்சம்.

முதல் சனிக்கிழமை மேஸ்திரி கோவிந்தன் இரண்டு ஆட்களுடன் வந்தார். எங்கள் மனையை ஒட்டிய கரையை வெட்டிச் சரித்து, தூண் நிற்க நாலு குழி தோண்ட வேண்டும். கோவிந்தன் கொத்து வேலைக்கு வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் யூனிட்டுகளுக்குக் களிமண் வெட்டியவர். மண்வெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, மஞ்சள் பையிலிருந்து ஒரு டீ கப்பை எடுத்துக் கரையில் வைத்தார். பளபளப்பு ஏறாத, சாம்பல் வெள்ளைக் கப்பு.

“என்ன கோவிந்தன், டீ வேணுமா? வீட்ல கிளாஸ் இருக்குதே.”

“டீக்கு இல்லீங்க சார். இது சூளைக்குப் போவாத பச்சக் கப்பு. மண்ணு எடுக்கற எடத்துல இத வச்சுத் தண்ணி ஊத்துவோம். வேவாத மண்ணு பாருங்க, அஞ்சு பத்து நிமிசத்துல மெத்துனு கரைஞ்சு உக்காந்துரும். உக்காந்துச்சுன்னா எடம் சரின்னுடுச்சுன்னு வெட்ட ஆரம்பிப்போம்.”

“உட்காரலைன்னா?”

கோவிந்தன் என்னை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “உக்காராம எங்க சார் போவும்? பச்ச மண்ணு சார் அது. நீங்க ஊத்துங்க, எடத்துக்காரவுங்கதான் ஊத்தணும்.”

ஊற்றினேன். சடங்கு என்றால் எனக்கு ஆகாது என்றாலும், ஒரு குவளைத் தண்ணீரில் கொள்கை கரைந்துவிடப் போகிறதா என்ன. கொள்கை இருக்கட்டும், கப்பும் கரையவில்லை. டீ வந்தது, குடித்தோம். கப்பு நின்றது. ஆட்கள் பீடி பிடித்து முடித்தார்கள். நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து, கோவிந்தன் தண்ணீரைக்கூடக் கொட்டாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். “இன்னிக்கு வேணாங்க சார். போயிட்டு வரேன்.” எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை, கடப்பாரையைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

என் மூளை அமானுஷ்யத்தின் பக்கம் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே கதிர்வேல் இருக்கிறார், பொம்மையும் டீ கப்பும் செய்கிற சொந்த யூனிட் வைத்திருப்பவர். என் மேடை வந்தால் அவர் மாடியிலிருந்து ஏரி பாதிதான் தெரியும். இதை அவர் வாட்ஸ்அப் குழுவில், என் பெயரைச் சொல்லாமல், எல்லோருக்கும் நான்தான் என்று புரிகிற மாதிரி மூன்று முறை எழுதியிருந்தார். கோவிந்தன் கொண்டுவந்த கப்பு எந்த யூனிட்டில் வாங்கியது என்று விசாரித்தேன். கதிர்வேல் யூனிட். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெந்த கப்பையே மேலே மண்ணைப் பூசி, பச்சைக் கப்பு என்று கொடுத்திருக்கிறார். வாரம் முழுக்கச் சென்னையில் கோப்புகளுக்கு நடுவே அவரை எப்படி அம்பலப்படுத்துவது என்று யோசித்ததில் எனக்கு ஒரு புது உற்சாகமே வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஊரின் மறுகோடியில் உள்ள வேறொரு யூனிட்டுக்குப் போனேன். காயப்போட்டிருந்த பலகையிலிருந்து அரை டஜன் கப்பை என் கையாலேயே பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தேன், மாவாக உதிர்ந்தது. செய்தித்தாளில் சுற்றி, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஆட்டோக்காரர் என் மடியில் பச்சைக் குழந்தை இருப்பதுபோல ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிதானித்தார்.

முதல் கப்பை அடுப்படி மேடையில் வைத்துக் கோமதியை ஊற்றச் சொன்னேன்.

“காலங்காத்தால என்னங்க இது? தொடைக்கறது யாரு?” என்றபடி ஊற்றினாள். தோசை ஒன்று வேகும் நேரத்தில் கப்பின் இடுப்பு இற்று, காது கழன்று, கூழாக உட்கார்ந்துவிட்டது. அந்த வெள்ளைக் கறையைக் கல்லிலிருந்து எடுக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று, அதை நான் மறக்காமலிருக்கும்படியும் பார்த்துக்கொண்டாள்.

மிச்சம் ஐந்துடன் கரைக்குப் போனேன். நல்ல வெயில், ஒன்பது மணி. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஒரு கப்பை எதிரே வைத்து, கேன் தண்ணீரை நானே ஊற்றினேன். கையில் புத்தகம் இருந்தது, பக்கம் திரும்பவில்லை. ஒன்பதரை, பத்து, பத்தரை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், கப்பு நின்றது. விளிம்பில் ஒரு சுருக்கம் இல்லை, தண்ணீர் ஒரு நூல் இறங்கவில்லை. வெளிப்பக்கம் நகத்தால் கீறினேன். காலையில் உதிர்ந்த அதே மாவு.

பதினொரு மணிக்குக் கதிர்வேல் வேலி ஓரமாக வந்து நின்றார். நான் கப்பைப் பார்ப்பதை அவர் அரைமணி நேரமாக மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

“சார், என்னா வித்த காட்டறீங்க? எங்க யூனிட்டு கப்புல கோளாறுன்னு குரூப்புல போடறதுக்கு வீடியோ எடுக்கறீங்களா?”

“உங்க கப்பு இல்லங்க இது. நீங்களே வந்து பாருங்க.”

அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்தோம். அவர் என் பொட்டலத்திலிருந்து ஒரு கப்பை எடுத்து, என் கப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, அதே கேனிலிருந்து தானே ஊற்றினார். பத்து நிமிஷத்தில் கூழ். என்னுடையது நின்றது.

“எடம் மாத்துவோம்” என்றார். குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. அவர் கப்பு கரைந்த இடத்தைத் துடைத்து அங்கே நான் ஒன்று வைத்து ஊற்றினேன். என் கப்பை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் அவர் ஒன்று வைத்து ஊற்றினார். அவருடையது கரைந்தது, என்னுடையது நின்றது. ஆக, இடத்தைச் சொல்லவும் வழியில்லை, கப்பைச் சொல்லவும் வழியில்லை, தண்ணீரைச் சொல்லவும் வழியில்லை. மிச்சமிருந்தது நான்தான்.

கதிர்வேல் காலையிலிருந்து நின்ற என் முதல் கப்பைக் கையில் எடுத்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்பளம் உடைப்பதுபோல உள்ளங்கையில் நொறுக்கினார். புகைபோல் தூள் பறந்தது. உட்பக்கச் சுவரும் வறவறவென்று காய்ந்திருந்தது. இரண்டரை மணி நேரம் தண்ணீர் நின்ற சுவர்.

“தண்ணி படவே இல்ல சார்,” என்றார். மண்ணிலேயே வளர்ந்த மனிதர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “மேடை கட்டறதுன்னா கட்டிக்கோங்க. எனக்கு ஏரி தெரியலன்னாலும் பரவால்ல” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். அந்த மனிதரே விட்டுக்கொடுத்த பிறகு, மிச்சமிருந்த ஒரே கப்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நானும் எழுந்துவிட்டேன்.

மேடையைக் கைவிட்டேன். மகளிடம், மழை வரும்போலிருக்கிறது, மண் ஈரம் என்று என்னென்னவோ சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் “பரவால்லப்பா” என்றாள், அது அழுதுவிட்டுச் சொன்ன பரவாயில்லை. நிச்சயதார்த்தம் எங்கள் ஹாலிலேயே நடந்தது. பையன் வீட்டார் சிமெண்டு வாத்துகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகவே போனார்கள்.

இங்கே நீங்கள், அந்த வருஷ மழையில் கரை சரிந்திருக்கும், ஆட்கள் தப்பித்தார்கள் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். சரியவில்லை. அடித்த மழையில் பைபாஸே கரைந்தது, எங்கள் கரை ஒரு கூடை மண்ணைக்கூட இழக்கவில்லை. இன்றைக்கும் எருமைகள் வரிசையாக அதன்மேல் நடக்கின்றன. சரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் கோவிந்தன் கடப்பாரையை எடுக்க வந்தார். கோமதி டீ கொடுத்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வாசலிலேயே நின்று குடித்தார். நான் மற்ற கப்புகளின் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வீட்டை ஒரு முறை கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

“ஏன் சார், இந்த வூட்டுக்குக் கடக்கால் தோண்டறப்ப கப்பு வச்சாங்களா? நீங்கதான் ஊத்துனீங்களா?”

“நான் அப்ப சென்னைல இருந்தேன். அவங்களே தோண்டிட்டு போன்ல போட்டோ அனுப்புனாங்க.”

“ஓ,” என்றார். டம்ளரை உள்ளே வந்து வைக்காமல், வாசற்படிக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அரை டஜனில் ஒரு கப்பு மிச்சமிருந்தது. ஹாலின் நடுவில் அதை வைத்து ஊற்றிப் பார்த்தால், வீடு நிற்கிற இடமும் என்னை வேண்டாம் என்கிறதா என்பது தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. எந்தப் பேயையும் நம்பாத நான், அதைச் செய்தித்தாளோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது ஃபிரிட்ஜ் மேல் அது இல்லை.

“அந்தப் பொட்டலம் எங்க?”

“தூக்கிப் போட்டுட்டேன். எத்தன நாளைக்குத்தான் வச்சுக்கறது?”

“தண்ணி ஊத்திப் பாத்தியா?”

“கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”

அவள் குளிக்கப் போனபோது ஹால் தரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு டைல்ஸாகப் பார்த்தேன். கறையே இல்லை. அவள் ஊற்றவே இல்லையா, ஊற்றிக் கரைந்ததைத் தேய்த்துக் கழுவிவிட்டாளா, அல்லது கழுவ எதுவும் இருக்கவில்லையா, எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தில் இருப்பது இரண்டு பேர் பெயரும்; அவளும் இடத்துக்காரிதான். அன்றைக்கு அவள் ஊற்றிக் கரைந்தது அடுப்படி மேடைக் கல்லில், தரையில் அல்ல.

தெரிந்தது ஒன்றுதான். அந்த வாரம் நான் இல்லாதபோது, யாரையோ கூப்பிட்டு, ஏரியைப் பார்த்த எங்கள் படுக்கையறையிலிருந்து கட்டிலை நகர்த்தித் தெருப்பக்கத்துச் சின்ன அறையில் போட்டிருக்கிறாள். ஏன் என்றேன். “இங்கதாங்க நல்லா காத்து வருது” என்றாள்.

அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் நேரெதிரே கதிர்வேல் வீட்டுச் சுவர்தான்.