என்ன ரோலருங்க?

இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோத்தகிரியில் சின்னதாக டீ ஃபேக்டரி தொடங்க, சீனாவிலிருந்து ஒரு ரோலர் வரவழைத்தேன். பறித்த இலையைச் சுருட்டும் மெஷின். கொச்சித் துறைமுகத்தில் அதை வெளியே எடுத்துத் தர, லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் புரோக்கர் ஒருவரைப் பிடித்தேன். கோயம்புத்தூர்க்காரர். முதல் நாளே போனில் கேட்டார்: "ஏனுங்க, பில்லுல வெறும் ரோலர்னு போட்டிருக்குது. என்ன ரோலருங்க? கேட்லாக் அனுப்புங்க."

"ரோலர்னா ரோலர்தாங்க. எங்க ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றேன். கேட்லாக் அனுப்பவில்லை. திமிர்.

மெஷின் வந்த பெட்டி துறைமுகத்திலேயே கிடந்தது. இங்கே மழை பெய்து கொழுந்து குப்பென்று வந்துவிட்டது. எனக்கு இலை தருவதாகச் சொன்ன தோட்டக்காரர்கள் வேறு ஃபேக்டரிக்குக் கிளம்பினார்கள். போனில் கத்தினேன்: "புரோக்கர்னா கையெழுத்துப் போடறவர்தானே? போட்டுத் தொலைங்க!"

"ஒவ்வொரு ரோலருக்கும் வரி வேறங்க, தப்பாப் போட்டா என் லைசென்ஸே போயிரும். ரோடு போடற ரோலரா, இரும்புத் தகடு உருட்டறதான்னே தெரியாம எப்படிங்க போடறது?"

போனைத் துண்டித்தேன்.

மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறி வந்து நின்றார். மலை வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. "அப்புறமாத் திட்டுங்க. மொதல்ல ஒரு ரோலரைக் கண்ணுல காட்டுங்க."

பக்கத்து ஃபேக்டரியில் ஓடிய ரோலரை வீடியோ எடுத்துக்கொண்டார். கேட்லாக்கைத் தலை குனிந்தபடி கொடுத்தேன். மூன்றாம் நாள் பெட்டி வெளியே வந்தது.

ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் ஒரு மனிதரை மலையேற வைத்தேனே!

இன்று என் மெஷினில் 'தேயிலை சுருட்டும் ரோலர்' என்று முழுசாக எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரிப்பவர்களிடம் சண்டைக்குப் போகிறேன்.