முப்பது விநாடி குறைந்த ரவுண்டு

ஐந்தா ஆறா

மணியை அடித்துவிட்டேன்; அடித்த மணியைத் திரும்ப வாங்கிக்கொள்ள இந்தத் தொழிலில் வழி கிடையாது. வாடிப்பட்டிப் பாண்டி ரிங்கின் மூலையில் கயிற்றோடு சாய்ந்து, முழங்கால் மடிய, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். சூசைராஜின் வலது கை அவனை நோக்கிப் பாதித் தூரம் வந்திருந்தது. மணிச் சத்தத்தில் அந்தக் கை அங்கேயே நின்றது. சூசைராஜ் அதைக் கீழே இறக்கினார், திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார், தன் ஸ்டூலுக்கு நடந்துபோய் உட்கார்ந்தார். அப்போதுதான் நான் கடிகாரத்தைச் சரியாகப் பார்த்தேன்.

பகலில் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். குத்துச்சண்டைப் போட்டிகள் நடக்கிற நாட்களில் மாவட்டச் சங்கத்துக்கு டைம்கீப்பர். சங்கத்தின் கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்ததால் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை எடுத்து வந்திருந்தேன். அதில் பெரிய முள் முப்பது விநாடிக்கு ஒரு வட்டம் வரும். மூன்று நிமிட ரவுண்டுக்கு ஆறு வட்டம் எண்ண வேண்டும். முதல் ரவுண்டில் ஒழுங்காக எண்ணினேன். இரண்டாவதில் கண் ரிங்குக்குள் போய்விட்டது. ஐந்தை ஆறு என்று எடுத்துக்கொண்டேன். உள்ளேயிருந்த சின்ன முள் இரண்டரை நிமிடத்தில் நின்றிருந்தது. பரீட்சை ஹாலில் கடைசி மணி அடிக்கிற பியூன்களுக்கும், பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதுகிறவர்களுக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நிமிட ஓய்வில் பாண்டி தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆளாகிவிட்டான். மூன்றாவது ரவுண்டு தொடங்கியதும் அவன் வீசிய முதல் வலதுகைக் குத்தில் சூசைராஜ் விழுந்தார். பத்து எண்ணி முடிந்தது. ஆறு வருஷமாகத் தென்மாவட்டங்களில் யாரும் ஜெயிக்காத மனிதர். அவர் வேலை பார்த்த மில்லில் ஹெவிவெயிட் வீரருக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு. அவர் ரிங்கை விட்டு மேஸ்திரியாகும்போது அது காலியாகும், அவரைத் தோற்கடித்தவனுக்குப் போகும் என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள். ஜனங்கள் பாண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபிறகு ரெஃப்ரி என் மேசைக்கு வந்து முதுகில் தட்டினார்.

“கரெக்டான நேரத்துல மணி அடிச்சீங்க சார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாண்டி அந்த மூலையிலயே முடிஞ்சிருப்பான்.”

பஞ்சுமிட்டாய் மணி

மணி அடித்ததும் சூசைராஜ் பார்த்த அந்தப் பார்வை ஏன் என்னை அவ்வளவு நாள் தொந்தரவு செய்தது என்பதற்கு அதற்கு முந்தைய வருஷத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமுக்கம் மைதானத்தில் போட்டி. தட்டிக்கு வெளியே ஒரு பஞ்சுமிட்டாய்க்காரர் கைமணியை ஆட்டிக்கொண்டு போனார். உள்ளே சூசைராஜ் சட்டென்று கையை இறக்கிவிட்டார். எதிராளி தூத்துக்குடிக்காரன், கிடைத்தது சான்ஸ் என்று தாடையில் ஒன்று வைத்தான். சூசைராஜ் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் திரும்பி, மீதமிருந்த ரவுண்டில் செய்ய வேண்டியதைச் செய்தார்.

போட்டி முடிந்ததும், வெளியே சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளாததற்கு வருத்தம் தெரிவிக்கப் போனேன். தாடையில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றிரண்டு கிலோ எடை, ரிங்குக்கு வெளியே யார் பேசினாலும் தலையைக் கொஞ்சம் குனிந்து கேட்கிற பழக்கம். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் தனக்குக் காதில் விழுவது ஒரே ஒரு சத்தம்தான் என்றும், அதை நம்பித்தான் கையை ஓங்குவதாகவும் சொன்னார்.

“இனிமே காத விட்டுட்டு உங்க மூஞ்சியப் பாத்துக்கிறேன், கிளார்க் சார். நீங்க அடிச்சாத்தான் எனக்கு மணி.”

எண்பத்தொரு கிலோ

சூசைராஜை ஜெயித்த இரண்டாவது ஆள் கோரிப்பாளையம் இப்ராகிம். டயர் ரீட்ரெடிங் கடையில் வேலை. ஹெவிவெயிட்டில் இறங்க எண்பத்தொரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். மற்ற எடைக்காரர்கள் எல்லாம் இளைப்பதற்காகப் பட்டினி கிடந்து வருவார்கள். இப்ராகிம் ஒருவன்தான் எடை போதாமல் தவித்தான். பஞ்சு குடோனில் கடன் வாங்கி வந்த தராசில் காலையில் ஏறியபோது எண்பதரை. எடை பார்க்கும் நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. அதையும் நான்தான் கணக்கு வைக்க வேண்டும். இந்த முறை கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

அவன் அவசரப்படவில்லை. வாசல் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிவந்து, தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்து மென்று தின்றான். பிறகு குழாயடியில் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான். தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடின மனிதரோடு மோதத் தகுதி வாங்குவதற்காக ஒருவன் அவ்வளவு கவனமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தராசின் தண்டு மெல்ல எழுந்தது. அவன் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினான்.

“சாயந்தரம் நான் ஜெயிச்சேன்னா, பாதி ஜெயம் வாழைப்பழத்துக்குன்னு எழுதிக்கங்க சார்.”

சுவரும் கதவும்

ஜெயித்தான். ஆனால் யாரும் அவனைத் தோளில் தூக்கவில்லை. மூன்று ரவுண்டும் சூசைராஜைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர் கை போகும் இடத்தில் அவன் இல்லை. அவர் காலை ஊன்றுவதற்குள் ஒரு குத்து, விலகல், இன்னொரு குத்து. யாரும் விழவில்லை, ரத்தம் வரவில்லை. மூன்று நீதிபதிகளும் அவனுக்கே புள்ளி போட்டிருந்தார்கள். சூசைராஜுக்கு முப்பத்துநாலு வயது, பாண்டியிடம் தோற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது, அதுதான் கடைசிப் போட்டி என்றும் சொல்லியிருந்தார். கிழவனை ஜெயித்தது ஒரு ஜெயமா என்று ஜனங்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இதே வழக்கு. சாம்பியன் உச்சத்தில் இருந்தபோது ஒரே அடியில் சாய்த்தவன் பெரியவனா, ஒன்பது நிமிடம் அவரைத் தொடவிடாமல் அடித்தவன் பெரியவனா? எங்கள் கணக்கு வாத்தியார் பாண்டி கட்சி. ரிங்குக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள். நான் டீ சூடாக இருப்பதுபோல் ஊதிக்கொண்டிருப்பேன். நான் மறைத்த அந்த அரை நிமிடத்துக்கு அதற்குள் இரண்டு வயதாகிவிட்டிருந்தது. என் மௌனத்தைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்ட டீ மாஸ்டர்தான் ஒருநாள் வழக்கை முடித்துவைத்தார்.

“ஒருத்தன் செவர இடிச்சு உள்ள போனான். இன்னொருத்தன் கதவத் தொறந்து போனான். ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளதாண்ணே இருக்காங்க. விடுங்க.”

ஒரே ஒரு வேலை

மில்லால் அப்படி விட முடியவில்லை. இடம் ஒன்றுதான். மில்லின் நல அதிகாரி, குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர், மேஸ்திரியாகி இப்போது மில் அணிக்குப் பயிற்சியும் கொடுக்கிற சூசைராஜ் மூவரும் உட்கார்ந்தார்கள். பழைய போட்டிகளின் புள்ளிச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு என்னை வரச் சொன்னார்கள். பாண்டியும் இப்ராகிமும் வெளியே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிக்குக் கிணறு வற்றிப்போன இரண்டு ஏக்கர். இப்ராகிமுக்கு மூடப்போகிற டயர் கடை. இருவருக்கும் அந்த வேலை வேண்டும்.

நாக்-அவுட், அதுவும் சாம்பியன் நல்ல வயதில் இருந்தபோது. எனவே பாண்டிதான் என்று செயலாளர் சொன்னார். அதிகாரியும் தலையாட்டினார். சூசைராஜைக் கேட்டபோது இரண்டு பேருமே நல்ல பையன்கள் என்று மட்டும் சொன்னார். அதிகாரி பேனாவைத் திறந்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பாண்டி ஜெயித்த போட்டியில் இரண்டாவது ரவுண்டு அரை நிமிடம் குறைவு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் என் டைம்கீப்பர் உத்தியோகம் முடிந்திருந்தது. அதிகாரி சூசைராஜிடம் இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார். மூன்று நிமிடம் என்றால் எவ்வளவு என்று அவர் உடம்புக்கே தெரியுமாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்றதற்கு, மணி அடித்தபின் பேசினால் அது விளையாட்டு இல்லை என்றார்.

அதோடு விடவில்லை. பாண்டியின் அடி உண்மையான அடி, அதற்கு மணி பொறுப்பில்லை என்று அழுத்திச் சொன்னார். ஆனால் இப்ராகிம் கிழவனை ஜெயித்தான் என்ற பேச்சை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டியிடம் விழுந்தபிறகுதான் ரிங்கில் கால் வைக்கிற விதத்தைப் பற்றிய புத்தியே தனக்கு வந்ததாம். அந்த இரண்டு வருஷத்தில் கற்றதை முந்தைய ஆறு வருஷத்தில் கற்கவில்லையாம். அதிகாரி பேனாவை மூடி, கடைசியாக ஒன்று கேட்டார்: இரண்டு பேரில் யாரோடு மறுபடியும் மோதப் பயம்?

“பாண்டி என்னைய விழ வச்சான், எந்திரிச்சிட்டேன். இந்தப் பய ஒம்போது நிமிசமும் என்னைய நிக்கவும் விடல, விழவும் விடல சார். இவன்கிட்டதான் பயம்.”

வாடிப்பட்டி

வேலை இப்ராகிமுக்குப் போயிற்று. பாண்டிக்குக் காரணத்தை யாரோ சொல்லித் தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வேறு யாருடைய தோட்டத்திலோ கரும்புக்கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் தூக்குகிற கட்டை ஒற்றை ஆளாகத் தோளுக்கு ஏற்றினான். அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, எனக்கு ஒரு கரும்பை ஒடித்துக் கொடுத்தான்.

திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை. அதனால்தான் அவன் சொன்னது இன்றுவரை என்னோடு இருக்கிறது.

“அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா மறுவாரமே அவரோட இன்னொரு தடவ ஏறியிருப்பேண்ணே. இப்ப அவரு ஏற மாட்டாரு. நான் யாருகிட்டப் போயி அடிச்சுக் காட்ட?”

இரண்டு கடிகாரம்

என் ராஜினாமாக் கடிதத்தைச் செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து மாவட்டப் போட்டி வந்தபோது வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஊரில் யாரும் அந்த நாற்காலிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இறுதிப் போட்டி இப்ராகிமுக்கும் பாண்டிக்கும். முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர். வேலைக்காக இல்லை, யார் பெரியவன் என்பதற்காக மட்டும். சூசைராஜ் எந்த மூலையிலும் நிற்காமல் கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு கடிகாரங்களோடு உட்கார்ந்தேன். அதைப் பார்த்த ரெஃப்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ரெண்டும் ரெண்டு மணி காட்டுனா எத நம்புவீங்க சார்?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பலசாலிகளின் குத்துகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே இருந்தவர்களில் தப்பாக ஓங்கிய ஒரே கை மணிக்கயிறு பிடித்த என் கைதான்.

இப்ராகிம் முதலில் ரிங்கில் ஏறினான். பின்னாலேயே பாண்டி வந்தான். கிளவுஸ் கட்டி முடித்திருந்தார்கள். என் மேசையைத் தாண்டும்போது, ஒரு கடிகாரம் விளிம்புக்கு நகர்ந்து விழப்போகிற மாதிரி இருந்ததைப் பார்த்து, வலது முஷ்டியால் அதை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தான்.