நாரந்தனைக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு

எதிர்வீட்டு மிஸிஸ் பெனட் வீடு விற்கிறார். ஏஜென்ட் இல்லை, தானே எழுதிய பலகையைத் தானே வாசலில் நட்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்கள் சோடி சோடியாக வந்து மணியடிக்கிறார்கள். சப்பாத்தோடு படுக்கையறைக்குள் போகிறார்கள், அலுமாரியைத் திறந்து பார்க்கிறார்கள், குளியலறைக் குழாயைத் திருகிச் சுடுதண்ணீருக்கு விரலை நீட்டிப் பார்க்கிறார்கள். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவராவது ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பார் என்று என் யன்னலடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருவரும் குடிக்கவில்லை.

போன சனிக்கிழமை அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். விடுப்புப் பார்க்கிற குணம் கடல் கடந்தால் போய்விடுமா என்ன? போனேன். புதுச் சுவர்த்தாள், புதுக் குசினி, எல்லாவற்றையும் ஆசையாகக் காட்டினார். பார்த்து முடிய, ஊர்ப் பழக்கத்தில், "தண்ணீர் எப்படி?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. குழாயை முழுவதாகத் திறந்து, "பிரஷர் அருமை!" என்றார். நான் கேட்டது ருசியை. அவர் காட்டியது வேகத்தை. விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் இவளுக்கு என்ன பிடித்தது என்று பார்ப்பார். "வெரி குட்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குசினிக் கதிரையில் இருந்து ஏனென்று தெரியாமல் அழுதேன். இல்லை, பொய் எதற்கு? ஏனென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாரந்தனையில் எனக்கொரு வீடு இருந்தது. அம்மாவின் சீதனமாக வந்து, மூத்தவள் என்பதால் என் சீதனமானது. எங்கள் தீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்கத்தான் ஏலாது. எங்கள் வளவு எல்லையில், பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணைக்கும் எங்களுக்கும் பாதிப் பாதியாக இருந்த கிணறு மட்டும் நல்ல தண்ணீர்க் கிணறு. கலியாண வீடென்றால் நாலு ஒழுங்கை தாண்டியும் குடத்தோடு வருவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த மாமியார் என்னைவிடக் கிணற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று இன்றைக்கும் என் கணவரைப் பகிடி பண்ணுவேன். அவர் மறுத்ததில்லை.

அறுபத்தாறில் லண்டனுக்கு வந்து ஆஸ்பத்திரியில் தாதியானேன். முதல் வருடம் குளிருக்கு அழுததைவிடத் தண்ணீருக்கு அழுததுதான் கூட. எழுபத்தொன்றில் கையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தொடங்கியதும், வீட்டைத் திருத்தும் பைத்தியம் பிடித்தது. கடிதத்திலேயே திருத்தினேன். நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து, யன்னல்களுக்குக் கண்ணாடி, குந்தியிருந்து சமைக்காமல் நின்றபடி சமைக்கக் குசினியில் உயரமான மேடை. மேலதிகமாக, வீட்டுக்குள்ளேயே வெள்ளை ஓடு பதித்த குளியலறை. அதற்குத் தண்ணீர் ஏற்ற ஒரு தொட்டியும், கிணற்றடியில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மெசினும். வேலையைப் பார்த்துக்கொண்டது செல்லையா அண்ணை. பெரிய மனசு வந்து அவருக்கும் எழுதினேன்: "தண்ணி அள்ளத் துலாவோடு மல்லுக்கட்டி ஏன் சாகிறியள் அண்ணை? உங்கட புகையிலைக்கும் எங்கட மெசினாலேயே இறையுங்கோ." அந்தக் கடிதத்தை எழுதிய கையை என்ன செய்தால் தகும் என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன்.

என்றைக்கோ ஒரு நாள் திரும்பிப் போய் அந்த வீட்டில் இருப்போம் என்றுதான் அவ்வளவும் செய்தேன். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் என் தங்கை சரசுவுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியது. அப்பா அம்மா இல்லாத பிள்ளை, முப்பது தாண்டிவிட்டது, யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு கலியாணப் பேச்சும் குழம்பிப் போனவள். மாப்பிள்ளை பகுதி பட்டினத்தில் காணி கேட்டது. "உங்கட வீட்டை அவளுக்குக் குடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். கேட்டோம். "தீவுக்குள்ள வீட்டை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்கள். எங்கள் ஆட்களைத் தீவான் என்று பட்டினத்தார் இளக்காரமாக நெளிப்பது தெரிந்த கதைதானே. வீட்டை விற்றால் கலியாணம். விற்காவிட்டால் இந்தப் பேச்சும் போய்விடும். சரசு எனக்கு ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: "அக்கா, உங்களுக்கு மனமில்லாட்டில் விடுங்கோ." அந்த ஒரு வரி போதாதா?

ஆறு கிழமை லீவு எடுத்துக்கொண்டு தனியே போனேன். தரகர் வேண்டாம் என்றேன். நான் பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டை வெற்றிலைக் காவியோடு ஒருவன் கூவி விற்பதா? நானே காட்டுவேன், நானே விலை பேசுவேன் என்று வீம்பாகப் போய் இறங்கினேன். இத்தனை வீம்புக்கும், என் சீதனத்தை நான் விற்க என் கணவரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம், எங்கள் தேசவழமைச் சட்டம் அப்படி. அதையும் கைப்பையில் கொண்டுபோனேன்.

விமானத்தில் வந்த நேரம் முழுவதும் ஒரே நினைவு. போனவுடனே கிணற்றடிக்குப் போக வேண்டும், வாளியைச் சரித்துக் கையேந்திக் குடிக்க வேண்டும். அப்படியே செய்தேன். முதல் வாயிலேயே கரித்தது. மற்றொரு வாய் குடித்தேன். அதுவும் உவர்ப்பு. செல்லையா அண்ணையின் மனைவி பாக்கியமக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கே?"

"பன்ரண்டு வருசமா அங்கத்தைத் தண்ணி குடிச்ச வாய், பிள்ளை. பழக நாலு நாள் செல்லும்," என்றார்.

நான் நம்பினேன். ஊர்த் தண்ணீரை உவர் என்று சொல்லும் அளவுக்கு என் நாக்கு அந்நியமாகிவிட்டதே என்று கூசிப்போனேன். அன்று தொடக்கம் பாக்கியமக்கா காலையில் ஒரு குடம் தண்ணீர் என் குசினியில் கொண்டுவந்து வைப்பார். "நீர் ஏன் அள்ளுறீர்" என்பார். அது இனித்தது. நாக்குத் திருந்திக்கொண்டு வருகிறது என்று சந்தோசப்பட்டேன்.

வீடு பார்க்க ஊருக்குள்ளிருந்து மூன்று பகுதியினர் வந்தார்கள். நான் குழாயைத் திறந்து காட்டினேன், யன்னலைத் தட்டிக் காட்டினேன். சோடா குடித்தார்கள், வாழைப்பழம் சாப்பிட்டார்கள், லண்டன் புதினம் கேட்டார்கள். விலை மட்டும் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம், பிள்ளை." கிணற்றடிப் பக்கம் ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. எங்கள் ஊரில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் போகிற இடமே அதுதான். நாலாம் கிழமை செல்லையா அண்ணையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை, கோவிக்காதேயும். மெசின் பூட்டி இரண்டாம் வருசமே தண்ணி சவராப் போச்சுது. மேல கிடக்கிறது மழைத் தண்ணி, கீழ கடல். துலாவால அள்ளினா மேல் தண்ணி மட்டும்தான் வரும். மெசின் விடுமே? அடியில கிடந்ததையும் இழுத்துப்போட்டுது."

"அப்ப எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே, அண்ணை?"

"என்னெண்டு எழுதிறது? நீர் அங்கயிருந்து ஆசை ஆசையாச் செய்யிறீர். நானும் அந்த மெசினாலதானே புகையிலைக்கு இறைச்சனான். எந்த முகத்தோட எழுத?"

பாக்கியமக்கா குடம் குடமாகக் கொண்டுவந்தது கோயில் கிணற்றுத் தண்ணீர். ஊர் முழுவதற்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நாலு கிழமையாக என் நாக்கைத்தான் சந்தேகித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நாக்கில் ஒரு குறையும் இல்லை. கிணற்றைக் கெடுத்தவளே நான்தான்.

இரண்டு நாள் கழித்து வெளியாட்கள் இருவர் வந்தார்கள். குருநாகல் பக்கம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவரும் மனைவியும். சொந்த ஊர் நயினாதீவு. எழுபத்தேழுக் கலவரத்தில், தமிழர் என்பதால், அங்கே கட்டிய வீட்டை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள். மனைவிக்கு முழங்கால் ஏலாது. நயினாதீவுக்கு லாஞ்சுப் படகில் ஏறி இறங்க முடியாததால், ரோட்டால் வரக்கூடிய இந்தப் பக்கமாக வீடு தேடினார்கள். அந்த அம்மா சுவரில் கையை ஊன்றி ஊன்றி, சிவப்புச் சீமெந்தில் மெல்ல நடந்து குசினிக்கு வந்தார். மேடையைத் தடவிப் பார்த்தார். "நிண்டுகொண்டே சமைக்கலாம் போல," என்றார். கண் கலங்கிவிட்டது. "அங்கயும் இப்பிடித்தான் ஒண்டு கட்டுவிச்சனான், பிள்ளை. ஆறு மாதம்தான் அதில சமைச்சது."

மாஸ்டர் விலை கேட்டார். சொன்னேன். இழுபறி இல்லாமல் தலையாட்டினார். சரசுவின் கூறைச்சேலை என் கண்முன் வந்து நின்றது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரும்," என்றார் மாஸ்டர்.

குசினி மூலையில் பாக்கியமக்காவின் குடம் இருந்தது. இரண்டு செம்பில் வார்த்துக் கொடுத்தேன். மாஸ்டர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "ஆகா! தீவுக்குள்ள இப்பிடியும் ஒரு தண்ணியோ!" என்றார். அந்த அம்மா செம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், திறக்கக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படலை வரைக்கும் போய்விட்டார்கள். அந்த அம்மா திரும்பி, "முருங்கை நட்டா வருமே, பிள்ளை?" என்று கேட்டார். ஒரு வீட்டை விட்டு ஓடி வந்தவர், இன்னொரு வீட்டில் மரம் நடக் கேட்கிறார். அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

"அம்மா, நில்லுங்கோ. நீங்கள் குடிச்சது கோயில் கிணத்துத் தண்ணி. எங்கட கிணறு சவர். நான்தான் மெசின் பூட்டிக் கெடுத்தனான்."

மாஸ்டர் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை விட்டு அள்ளி, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு இன்னொரு வாய் எடுத்து மெதுவாக விழுங்கினார். நான் செத்த பிணமாக நின்றேன். சரசுவுக்கு என்ன கடிதம் எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"மெசினை நிப்பாட்டினா?" என்று கேட்டார்.

"தெரியாது, ஐயா."

"எனக்கும் தெரியாது. ரண்டு மூண்டு மாரி போனாத் தெரியும்." மனைவியைப் பார்த்தார்.

"நயினாதீவில பிறந்த எங்களுக்கு உப்புத் தண்ணி புதுசே?" என்றார் அந்த அம்மா. "எனக்கு அந்தக் குசினி வேணும்."

விலையைக் குறைத்தார்; நியாயமாகத்தான் குறைத்தார். குறைந்த காசுக்கு ஈடாக என் காப்புகள் போயின. இன்றைக்கும் என் கை வெறுங்கைதான், அது ஒரு கவலையில்லை. மெசினைக் கழற்றி, பழைய துலாவைச் செல்லையா அண்ணையும் மாஸ்டரும் சேர்ந்து நாட்டினார்கள். பிறகுதான் உறுதிப் பத்திரம் எழுதப் போனோம்.

நொத்தாரிசு உரக்க வாசித்தார்: வீடு, வளவு, அதிலுள்ள மரங்கள், கிணற்றில் அரைப் பங்கு. மாஸ்டர் கையை உயர்த்தினார். "அந்த அரையில பாதியை எனக்கு எழுதாதேங்கோ. அவவின்ர பேரிலேயே கிடக்கட்டும்."

"ஏன் ஐயா?" என்றேன்.

"கெடுத்தது நீர். தண்ணி திருந்தினா வந்து குடிக்க உமக்கு உரிமை வேணும். திருந்தாட்டில், ஊர் திட்டேக்கை அதிலயும் உமக்குப் பங்கு வேணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன், எழுத்துத்தான் கலங்கித் தெரிந்தது.

சரசுவின் கலியாணம் ஆவணியில் நடந்தது. நான் லண்டனில் வேலையில் இருந்தேன்.

நேற்று செல்லையா அண்ணையின் கடிதம் வந்தது. இரண்டு மாரி போய்விட்டது. மாஸ்டர் அம்மா இப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் தேத்தண்ணி வைக்கிறாவாம். "இன்னும் கொஞ்சம் கயர்ப்புக் கிடக்கு. ஆனால் காகம் வந்து குடிக்குது," என்று எழுதியிருக்கிறார். முருங்கையும் பிடித்துவிட்டதாம்.

கடிதத்தோடு நான் வாசலில் நிற்க, மிஸிஸ் பெனட் தன் பலகையில் 'விற்றாயிற்று' என்று எழுதிக்கொண்டிருந்தார். உன் நாட்டில் உனக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டார். வீடு இல்லை, ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கு இருக்கிறது என்றேன். பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். "எந்தப் பக்கத்துக் கால் பங்கு?" என்று கேட்டார்.

உள்ளே வந்து கேத்தலுக்குத் தண்ணீர் பிடித்தேன். நிரம்பியதும் குழாயை இறுக்கி, இன்னும் ஒரு தடவை இறுக்கி மூடினேன். "இஞ்ச எவ்வளவு எடுத்தாலும் உப்பாகாதப்பா," என்று கணவர் சிரித்தார். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அங்கே என் பங்கு இப்போதுதான் மெல்ல மெல்ல ஊறி வருகிறது. ஒரு சொட்டு வீணாகப் போனாலும் எனக்கு மனம் பொறுக்குதில்லை.