உஷாராணியும் சிவப்பு மூடிகளும்

உஷாராணியைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது போன்ற வம்பு வேறெதுவும் இல்லை. கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் பக்கத்தில் காலியாக இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருப்பாள். "பரமேஸ், இது நம்ம சரக்குதான். டவுட்டே இல்ல லா" என்று என் காதைக் கடிப்பாள். என் தங்கை கல்யாணத்தில் அவள் அப்படிக் கவிழ்த்து வைத்த நாற்காலியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்காரப் போய்விட்டார். நல்ல வேளையாக யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் அவளும் கோலாலம்பூரில் ஒரு பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சொந்தக்காரர்கள் எங்களிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: பெட்ரோல் மலிவாகக் கிடைக்குமா? கிடைக்காது. நாங்கள் பெட்ரோல் விற்பதில்லை. கிழக்குக் கரைக்கு அப்பால் கடலுக்கடியிலிருந்து எரிவாயு குழாய் வழியாக வருகிறது. அதில் ஒரு பங்கு உரமாகிறது. ஒரு பங்கு சோப்புத்தூளுக்கும் பெயிண்டுக்கும் போகும் திரவங்களாகிறது. இன்னொரு பங்கைச் சுட்டுப் பிளந்து, கடைசியில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகளாக்கி மூட்டை கட்டுகிறோம். தொழிலில் அதை ரெசின் என்பார்கள். உங்கள் வீட்டு வாளி, குடம், பை, மூடி எல்லாம் ஒரு காலத்தில் அந்த ஜவ்வரிசியாக இருந்தவைதான்.

எங்கள் கம்பெனியின் பெருமையே எல்லாம் ஒரே கையில் இருப்பதுதான். எரிவாயு எங்கள் தாய்க் கம்பெனியுடையது. அதைப் பிளக்கும் ஆலை எங்களுடையது. மணிகளாக்கும் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. நீராவி, மின்சாரம், தொட்டிகள், கப்பல் துறை எல்லாம் ஒரே வேலிக்குள். வெளிநாட்டு ரெசின் கொஞ்சம் மலிவு என்றாலும், கப்பலேறி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எங்கள் சரக்கோ இன்று சொன்னால் நாளைக்கு வாடிக்கையாளர்கள் இருக்கும் கிள்ளானில் இறங்கிவிடும். ஆண்டறிக்கையில் 'எங்கள் பலங்கள்' என்று வழவழ தாளில் ஒரு பக்கம் போட்டு இதையெல்லாம் எழுதுவார்கள். யாரும் படிப்பதில்லை. உஷாராணி படித்தாள், மனப்பாடமும் செய்தாள்.

என் வேலை பங்கு பிரிப்பது. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு மூட்டை என்று எங்கள் அலுவலகக் கோபுரத்தின் முப்பத்துச் சொச்ச மாடியில் உட்கார்ந்து முடிவு செய்வேன். மாலையானால் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு நடந்து போய்விடுவேன். தொழிற்சாலை வாடையே படாத உத்தியோகம். உஷாராணிக்கு அப்படியில்லை. கிள்ளான், காப்பார், மேரு, புக்கிட் ராஜா என்று மூலைக்கு மூலை இருக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் எல்லாம் அவள் ராஜ்ஜியம்.

அவள் கிள்ளானிலேயே பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஒரு வாளி தொழிற்சாலையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போனாள். வாடிக்கையாளர் திட்டினால் திருப்பித் திட்டிவிட்டு, பிறகு அவர் வீட்டுக்கே போய் டீ குடித்துவிட்டு வருவாள். அந்தக் குணம்தான் அவளை எங்கள் கம்பெனி வரைக்கும் கொண்டு வந்தது. சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழப் பெட்டி, நோன்புப் பெருநாளுக்குப் பேரீச்சம்பழம், தீபாவளிக்கு முறுக்கு என்று எல்லாத் தவுக்கே, அதாவது முதலாளி, வீட்டிலும் அவளுக்கு நடுக்கூடம் வரை உரிமை உண்டு. நேரத்துக்கு வரமாட்டாள். வாயை மூடமாட்டாள். கரவோக்கே மைக் கையில் கிடைத்தால் அடுத்தவருக்குத் தரமாட்டாள். ஆனாலும் கிள்ளானில் அவளைப் பிடிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவளுடைய வாடிக்கையாளர்களில் ரமணி சின்னவள். காப்பார் சாலையில் மூன்று இயந்திரம் வைத்து மூடி செய்பவள். பெருநாள் பலகாரம் போடும் பிளாஸ்டிக் போத்தலைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலையில் இருக்குமே சிவப்பு மூடி, அதுதான் அவள் தொழில். முன்பு பாதிச் சரக்கை வெளிநாட்டு ரெசின் விற்பவரிடமும் பாதியை எங்களிடமும் வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு உஷாராணி விடாமல் பேசி முழுவதையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள்.

"கேஸ் எங்களோடது, ஃபேக்டரி எங்களோடது. கப்பல் வரல, காத்து அடிக்குதுன்னு சாக்கு சொல்ற ஆளுங்க நாங்க இல்ல. தீபாவளி வரைக்கும் உனக்குச் சரக்கு நிக்காது ரமணி. கம்பெனிய விடு, இது என் வாக்கு" என்று சொல்லியிருக்கிறாள். ரமணியும் அதை நம்பி, கிள்ளான் முழுக்க முறுக்கு சுட்டு விற்பவர்களிடம் மூடிக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எங்கள் ஆலையில் வாயுவை அழுத்தித் தள்ளும் பெரிய இயந்திரம் படுத்துக்கொண்டது. ஒன்றோடொன்று கோத்த ஆலை அல்லவா? அது நின்றதும் அடுத்தது நின்றது, அடுத்தது நின்றதும் மணி ஆலையும் நின்றது. வழவழ தாளில் எதைப் பலம் என்று எழுதினோமோ, அதுவே எங்கள் காலை வாரிவிட்டது. பழுது பார்க்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கிடங்கில் இருந்ததைப் பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கும் மருத்துவச் சாமான் செய்பவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தேன். ரமணியின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.

உஷாராணி போனில் கத்தியது பக்கத்து மேசைக்காரருக்கும் கேட்டது.

"திங்கக்கிழமை அவ மெஷின் நின்னுடும், தெரியுமா? முறுக்குக்காரங்க எல்லாம் வேற இடத்துக்கு ஓடிடுவாங்க. அடுத்த வருஷம் திரும்பி வருவாங்களா?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? நான் என்ன ரெசின் முட்டையா போடுறேன்?"

"நீ வா. இல்லன்னு சொல்றத அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. சனிக்கிழமை காலையில வந்து தூக்குறேன்."

வந்தாள், வழக்கம்போலத் தாமதமாக. ஆனால் கார் ரமணியின் தொழிற்சாலைக்குப் போகவில்லை. புக்கிட் ராஜாவில் தம்புசாமி அண்ணன் தொழிற்சாலைக்குத் திரும்பியது. தம்புசாமியும் மூடி செய்பவர். ரமணி ஒரு காலத்தில் அவரிடம் மேற்பார்வை பார்த்தவள். வெளியே போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கி, அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேரை இழுத்துக்கொண்டாள். சோறு போட்ட கையைக் கடித்துவிட்டாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் பேசிப் பத்து வருஷம் இருக்கும். அவரிடம் போய் ரமணிக்குச் சரக்கு இரவல் கேட்கப் போகிறாள் இந்தப் பைத்தியக்காரி!

"ஒண்ணு மட்டும் செய். முறுக்கு கொடுத்தா வேணாம்னு சொல்லாத" என்றாள் இறங்கும்போது.

தம்புசாமியின் கிடங்கைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கூரை வரைக்கும் மூட்டை. எங்கள் சரக்கும் இருந்தது, வெளிநாட்டுச் சரக்கும் இருந்தது.

"பார்த்தீங்களா? நான் ஒரே கடையில சாமான் வாங்குற ஆள் இல்ல" என்று எங்களைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாம் எங்க கையில, எல்லாம் எங்க கையிலன்னு பீத்திக்கிட்டியே உஷா. இப்போ என்னாச்சு?"

"கவுந்துடுச்சு அண்ணே" என்றாள் உஷாராணி. சாக்கு எதுவும் சொல்லவில்லை. "ரமணிக்கு ஒரு லோரி சரக்கு கொடுங்க. எங்க ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சதும் மூட்டைக்கு மூட்டை திருப்பித் தர்றோம். இதோ, பங்கு பிரிக்கிறவரையே கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன். என்ன செய்வது, மாட்டிக்கொண்டேன்.

தம்புசாமியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "அவளுக்கா? ஒரு மணி கூடக் கிடையாது. நீ வேற பேச்சு பேசு."

தொழிற்சாலைக்குப் பின்னால்தான் அவர் வீடு. பேச்சுக் குரல் கேட்டு அவர் மனைவி மாரியாயி அக்கா டீயும் முறுக்குப் போத்தலுமாக வந்தார். அவரும் வருஷா வருஷம் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பவர். கிள்ளானில் அந்த முறுக்குக்குப் பெரிய பெயர். வெளி ஆட்கள் முன்னால் எரிச்சலைக் காட்ட விரும்பாத தம்புசாமி, உபசாரத்துக்குப் போத்தலை வாங்கித் திறக்கப் பார்த்தார். மூடி அசையவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினார்.

"என்னா மாரி, மூடி இவ்ளோ டைட்டா இருக்கு?"

மாரியாயி அக்கா டீயை ஆற்ற ஆரம்பித்தார். டக் என்று மூடி கழன்றது. அதைத் திருப்பிப் பார்த்த தம்புசாமி அப்படியே நின்றுவிட்டார். மூடியின் உள்பக்கம் ரமணி கம்பெனியின் முத்திரை இருந்தது.

"நம்ம வீட்டுலயா?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆமா. நம்ம வீட்டுலதான்" என்றார் மாரியாயி அக்கா. "நாலு வருஷமா அவகிட்டதான் வாங்குறேன். உங்க மூடி போட்டா பத்து நாள்ல முறுக்கு நமத்துப் போகுது. வாங்குறவங்க என்னைத்தானே திட்டுறாங்க? எல்லா மூடியும் சிவப்பு, நீங்க எங்க திருப்பிப் பார்த்தீங்க? இந்த வருஷம் அவ மூடி வரலன்னா என் ஆர்டர் பூரா போச்சு. பேசாம லோரிய எடுங்க."

நான் முறுக்கை வாயில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது? நொறுக் என்று உடைந்த சத்தம் அந்த அமைதியில் எனக்கே பயமாக இருந்தது. தம்புசாமி முறைத்தார். பிறகு மூடியைப் போத்தலில் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். கடைசியில் லோரிச் சாவியை எடுத்தார்.

"கொடுக்கிறேன். ஆனா அவளே கேட் வாசலுக்கு வந்து என் கையால வாங்கணும். ஆள் அனுப்பினா லோரி அப்படியே திரும்பிடும்."

மூட்டைகள் ஏறியதும் லோரியை அவரே ஓட்டினார். பின்னால் காரில் போகும்போது உஷாராணியிடம் கேட்டேன்: "அந்த மூடி விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கஸ்டமர் வீட்டு முறுக்கு எந்த போத்தல்ல இருக்குன்னு தெரியாதவ சேல்ஸ்ல இருந்து என்ன பண்றது, சொல்லு?" என்றாள். ரமணிக்குப் போன் போட்டாள். "நான் அந்த ஆள் முன்னாடி வந்து நிக்க மாட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டு ரமணி போனை வைத்துவிட்டாள். உஷாராணி கொடுத்த வாக்கு இப்போது அவள் கையில் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது.

காப்பார் சாலையில் ரமணியின் கேட் மூடியிருந்தது. தம்புசாமி இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி நின்றார். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி லோரியில் ஏறக் காலை வைத்தபோதுதான் கேட் திறந்தது. கையுறையைக் கழற்றியபடியே ரமணி வந்தாள்.

"வாங்க அண்ணே" என்றாள். அவ்வளவுதான். சிரிப்பு கிடையாது.

தம்புசாமி சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு மூடியை எடுத்து நீட்டினார். "இதுல என்ன கலக்குற?"

"ஒண்ணும் கலக்கல. உங்ககிட்ட கத்துக்கிட்ட அதே ரெசின், அதே சாயம்."

"அப்புறம் எப்படி இப்படிக் கவ்விப் பிடிக்குது?"

ரமணி உஷாராணியைப் பார்த்தாள். உஷாராணி அவருக்குத் தெரியாமல், வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ரமணி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அச்சுல இருந்து சூட்டோட புடுங்கினா மூடி கோணிக்கும் அண்ணே. நான் ஆற விட்டு எடுக்கிறேன். நீங்க அவசரப்படுவீங்க."

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அண்ணே. சொன்ன அன்னைக்குத்தான் என்னை வேலைய விட்டு நிறுத்தினீங்க."

என் முழங்கையை உஷாராணி இறுக்கிப் பிடித்தாள். போச்சு என்று நினைத்தேன். பத்து வருஷமாக ஊர் முழுக்க ஒரு கதையைச் சொல்லித் திரிந்த மனிதர் இதை எப்படி ஒத்துக்கொள்வார்? தம்புசாமி திரும்பி லோரியில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு மனசு விட்டுப்போனது.

லோரி கிளம்பவில்லை. இன்ஜின் நின்றது. ஜன்னலுக்குள் இருந்து அவர் தலை மட்டும் வெளியே வந்தது.

"சரி, இப்போ சொல்லு ரமணி. கேக்குறேன். எவ்வளவு நேரம் ஆற விடணும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் உஷாராணி லோரியின் பின்பக்கம் ஏறி, முதல் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டிருந்தாள்.