வண்டூர் சாலையில் சாகுல் பாய் கேட்கப் பயந்த கதை

பொங்கல் முடிந்த மறுவாரம் அந்தமான் போனேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. வங்கியில் எனக்குச் சேர வேண்டிய பயணச் சலுகை மார்ச்சோடு காலாவதியாகிறது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, மகனுக்குப் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. "நீ போயிட்டு வா" என்று இரண்டு பேரும் சொன்ன வேகத்தைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை எல்லோரும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். முதல் இரண்டு நாளும் எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மூன்றாம் நாள் வண்டூர் போய்வந்த கதையை.

வண்டூர் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். பவளப்பாறை பார்க்கும் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஓட்டலில் சொல்லி ஒரு காரை நாள் வாடகைக்குப் பேசினேன், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். காலை ஆறே முக்காலுக்கு வந்து நின்றவர் சாகுல் பாய். நாற்பத்தைந்து வயதிருக்கும். தொண்டிப் பக்கத்துக்காரர், சின்ன வயதில் மாமாவின் கடையில் வேலை பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பேச்சில் ராமநாதபுரமும் இந்தியும் பாதிப் பாதி.

காராசரமா என்ற ஊரைத் தாண்டும்போது டேஷ்போர்டு பெட்டிக்குள் 'டிங்' என்றது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி 'டிங்'. மூன்றாவது தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பாய், உள்ள போன் அடிக்குது."

"என் போன் இல்ல மேடம். மவ போனு. ஒரு வாரமாச்சு, புடுங்கி வெச்சிட்டேன்."

பெட்டியைத் திறந்து காட்டினார். போன் இருந்தது, கார் சார்ஜரில் சொருகியபடி. பிடுங்கி வைத்த போனுக்கு எதற்கு சார்ஜ் என்று கேட்டேன். "சும்மா கெடந்தா பேட்டரி கராப் ஆயிரும்ல" என்றார். கோபக்கார அப்பா என்று நான் அதுவரை போட்டிருந்த கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

சிப்பிகாட் என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தினார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மகள் பெயர் ஷிஃபா, பதினொன்றாம் வகுப்பு. சில மாதங்களாகச் சாயங்காலமானால் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். அரையாண்டுப் பரீட்சையில் பிசிக்ஸ் மார்க் குறைந்துவிட்டது. போனைப் பிடுங்கிப் பார்த்தால் 'நமக்கு மட்டும்' என்று ஒரு வாட்ஸப் குழு. அதில் நாள் தவறாமல் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஓடும் குரல் செய்திகள். அனுப்புகிறவர் பெயர் எம் என்று ஒற்றை ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

"என்ன பேசுறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல மேடம்." டீயைக் கீழே வைத்துவிட்டார். "கேக்கப் பயமா இருக்கு. அடுத்த கப்பல்ல தொண்டிக்கு எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிரலாம்னு ஏஜெண்டுகிட்ட டிக்கெட் சொல்லி வெச்சிருக்கேன். படிச்சவரைக்கும் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிற பெண். "அந்த எம் முஸ்தபாவா மோகனான்னுகூடத் தெரியாம கப்பல் ஏத்துவீங்களா?" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு பொம்பள. நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்" என்று போனை நீட்டினார். மேடம் அக்கா ஆகிவிட்ட பிறகு மறுப்பது கஷ்டம். ஆனாலும் வயசுப் பெண்ணின் போனை அவளில்லாமல் நான் ஏன் திறக்க வேண்டும்? "சாயங்காலம் அவகிட்டயே குடுங்க, அவளே போட்டுக் காட்டட்டும். பயமா இருந்தா நானும் கூட உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் போனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும் அல்லவா? எட்டரை மணிக்குக் கிளம்பியது. கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் குனிந்து பார்த்தால் கீழே பவளம், நீல மீன், மஞ்சள் மீன், ஊதா உதட்டைத் திறந்து மூடும் பெரிய சிப்பி. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பாதி மனசு கார் பெட்டியிலேயே இருந்தது. ஊரில் நானும் "இந்தக் காலத்துப் பசங்க எங்க புத்தகத்தத் தொடுறாங்க, எப்பப் பாரு போன்" என்று புலம்புகிற ஆள்தான். அன்று ஏனோ அந்தப் புலம்பல் வரவில்லை, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.

ஒன்றே முக்காலுக்குக் கரை திரும்பினோம். திரும்பும் வழியில்தான் ஷிஃபாவின் பள்ளி. பள்ளி விட்டதும் சீருடையில் வந்து பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்ணோடு. அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. சாகுல் பாய் கொஞ்ச தூரம் ஓட்டி ஒரு பாக்குத் தோப்போரம் வண்டியை நிறுத்தினார். போனை எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"கடைசியா வந்தத போடு. மேடமும் கேக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போட்டாள். ஒரு பெண் குரல், பின்னணியில் காற்று.

"ஏய் ஷிஃபா, இன்னிக்கும் நீ வரலையா? இந்த லாவண்யா தெனமும் என் உயிர வாங்குறா, கோமதிக்கு என்னாச்சு, கேஸ் என்னாச்சுன்னு. சொல்ல முடியாது போடின்னுட்டேன். நீ வர்ற வரைக்கும் புக்க மூடி வெச்சிருக்கேன். நீ இல்லாம பதினெட்டாவது அத்தியாயம் கெடையாது. அங்கிள்கிட்ட திட்டு வாங்கினியா? அங்கிளுக்கு நான் சலாம் சொன்னேன்னு சொல்லு."

சாகுல் பாய் திரும்பிப் பார்த்தார். "இது நம்ம மீனா புள்ள குரல்ல?"

மீனாதான். பக்கத்து வீட்டில் வளர்ந்தவள். அப்பா அரசு அலுவலக எழுத்தர், போன ஜூனில் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது அவள் அம்மாவின் பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு தடிமனான தமிழ் நாவலையும் எடுத்துப் போயிருக்கிறாள். கோமதி என்கிற உப்பளத்துப் பெண் அண்ணன் மேல் நிலத்துக்காக வழக்குப் போடுகிற கதையாம். தினமும் சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து அனுப்புகிறாள். கேட்பவர்கள் ஷிஃபாவும் தெலுங்குக்காரப் பெண் லாவண்யாவும். "லாவண்யாவுக்குப் பாதி புரியாது ஆன்ட்டி, ஆனா அவதான் அதிகமா அழுவா" என்றாள் ஷிஃபா.

"இத எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது அத்தா. ஸ்கூல்ல இந்திதான எடுத்தேன். போன வருஷம் தொண்டியில பஸ் போர்டு படிக்கத் தெரியலன்னு மாமி எல்லாரும் சிரிச்சாங்க, நீங்களும் சிரிச்சீங்க. கேட்டா எனக்கு எல்லாம் புரியுது. அதான் கேக்குறேன்." பிறகு மெதுவாகச் சேர்த்தாள். "பிசிக்ஸ் மார்க்கு கதையால கொறயல. பிசிக்ஸ்னாலதான் கொறஞ்சுது."

சாகுல் பாய் தன் போனை எடுத்து ஏஜெண்டைக் கூப்பிட்டார். "அரே பாய், வோ டிக்கெட் ரெஹ்னே தோ. நஹி சாஹியே" என்று, டிக்கெட் வேண்டாமென்று சொல்லி வைத்துவிட்டார்.

"எந்த டிக்கெட்?" என்றாள் ஷிஃபா.

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டு, தானே புரிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.  அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன், யாரோ ஒருத்தி எந்த உரிமையில் என்று விட்டுவிட்டேன். இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். படகு போகும் பவளப்பாறைப் பகுதி ஒரு கடல் தேசியப் பூங்கா, அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. அனுமதியும் படகுச் சீட்டும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், காலை எட்டு மணிக்கெல்லாம் வண்டூரில் இருங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதையும் படகில் ஏற்ற விடமாட்டார்கள், துணிப்பை எடுத்துப் போங்கள். ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கார் நிக்கோபார் போகலாமா என்று கேட்காதீர்கள், நம்மைப் போன்றவர்கள் நினைத்தவுடன் போக முடியாத தீவு அது. மீனாவின் குரல்தான் அங்கிருந்து தினமும் வந்து போகிறது. பிள்ளைகள் படிப்பதில்லை என்று இனி யாராவது சொன்னால் நான் தலையாட்டப் போவதில்லை. நமக்குத் தெரிந்த மாதிரி படிப்பதில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கும் சாகுல் பாய்தான் வந்தார். ஷிஃபாவும் முன்சீட்டில் இருந்தாள், என்னை வழியனுப்பிவிட்டு அப்படியே பள்ளிக்குப் போவதாகச் சொன்னாள். போன் அவள் மடியில், இயர்போன் காதில். அப்பாவோடு இன்னும் பேச்சில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது சாகுல் பாய் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பதினெட்டு வந்துருச்சாமா? ஒயர எடுத்துட்டுப் போடேன், அத்தாவும் கேக்குறேன்."

 அவள் இயர்போனைக் கழற்றி, போனில் விரலை வைத்து மேலே மேலே, மாதக்கணக்கில் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள்.

"நடுவுல வந்து கேட்டா உங்களுக்குப் புரியாது அத்தா," என்றாள். "மொத அத்தியாயத்துலேருந்து கேளுங்க."