மைதீன் பாய் சொல்லாமல் விட்ட பெயர்

சென்ற வாரம் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘வாப்பா புதன்கிழமை மௌத்தாகிவிட்டார்கள். அன்றே அடக்கம் செய்துவிட்டோம். உங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள்.’ கீழே மைதீன் பாயின் மகள் மெகருன்னிசாவின் கையெழுத்து. அட்டை என் கைக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ‘தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள்’ என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பழவேற்காட்டில் அவரைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் இல்லை. தபாலாபீசுக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டி ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முன்னோர் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள். அதைப் பற்றி யாராவது கேட்டால், “கப்பல் போச்சு, காகிதம் மிஞ்சிச்சு” என்பதோடு நிறுத்திக்கொள்வார். வந்தவரை முழுக்கப் பேசவிடுவார். எழுதியதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் கைநாட்டு. முதலில் கிறுக்கிய தாளைக் கிழித்து, துண்டுகளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். “இத நீயே எடுத்துட்டுப் போ. உன் விஷயம் எங்கிட்ட தங்கக் கூடாது.”

ஒரு புயலுக்குப் பிறகு படகு இழந்தவர்கள் அவர் மேசையைச் சூழ்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண், போனது ஒரு படகுதான், ஆனால் இரண்டு என்று எழுதச் சொன்னாள்.

“ஒண்ணுனு எழுதினா ஒண்ணாவது வரும்மா,” என்றார் பாய்.

“ஊரே ரெண்டுனு எழுதுது பாய். நீ எழுதினா இன்னா?”

“தாலுகா ஆபீசுல என் எழுத்தப் பாத்தா பொய் இருக்காதுனு ஒரு பேச்சு இருக்குது. அது உனக்கும் சேத்துத்தான். இன்னிக்கு உனக்காக அதக் கெடுத்துட்டா, நாளைக்கு நீயே வந்து நின்னாலும் தூக்கிப் போட்ருவான்.”

அவள் திட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, ஒன்று என்றே எழுதிக்கொண்டாள்.

அவருடைய மனுக்கள் எல்லாமே ஒரே வரியில் முடியும். ‘தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் இந்த மனுவே தேவைப்படாது.’ என் பள்ளிக்கூடத்துக் கூரைக்காக அவர் எழுதிய மூன்று மனுக்களிலும் அந்த வரி இருந்தது. மூன்றாவதுக்குக் கூரை வந்தது.

இனிச் சொல்லப்போவதைப் பத்து வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலை பார்க்கும் குப்பத்துக்குப் பக்கத்தில், ஏரியின் ஆழமில்லாத பகுதியில் இருளர் குடும்பங்கள் கையாலேயே இறால் பிடிப்பார்கள். கழுத்தில் பறி என்கிற ஓலைக்கூடையைக் கட்டிக்கொண்டு, முழங்காலளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். இறாலுக்குக் கிராக்கி ஏறிய வருஷங்கள் அவை. கோதண்டம் என்ற இறால் வியாபாரி அந்த இடத்தையும் வளைத்துக்கொள்ளப் பார்த்தார். ஒருநாள் காலை அவருடைய ஆட்கள் பறிகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். தடுக்க வந்த கன்னியப்பனைக் கரையில் தள்ளி, வலது கையைக் கல்லில் வைத்துத் துடுப்பால் அடித்தார்கள். கையால் பிழைக்கிற மனிதர் அவர். பள்ளிக்கூட வாசலில் நின்று நான் அதைப் பார்த்தேன். என்னோடு சேர்த்து நாற்பது பிள்ளைகள் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பாயிடம் போனேன். பெயர் போடாமல் கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரும்படி கேட்டேன்.

“பேரில்லாத காகிதத்த நான் தொடறதில்ல வாத்தியாரே. உங்களுக்குத் தெரியாதா?” என்றார். “கண்ணால பாத்தவரு நீங்க. உங்க பேரப் போடுங்க, இப்பவே எழுதறேன்.”

“கோதண்டம் வீட்லதான் வாடகைக்கு இருக்கேன் பாய். அவர் நினைச்சா என்னை மாத்திடுவார். வேலையே போனாலும் போகும்.”

“அப்ப எழுதாதீங்க. பயந்தா பேசாம இருக்கறது மனுஷனுக்கு உண்டு. ஒளிஞ்சிகிட்டு எழுதினா, ஊரு வேற எவனையாவது தேடிப் புடிச்சிரும். நான் கன்னியப்பனப் பாக்கறேன். அவன் கைநாட்டு வெச்சா போதும்.”

அவர் சொன்னபடியே ஏரியைக் கடந்து இரண்டு முறை போய்வந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் நான் காத்திருக்கவில்லை. பார்த்த காட்சி என்னைத் தூங்கவிடாமல் செய்தது, பயமும் விடவில்லை. எழுத்தை மாற்றி, பெயர் போடாமல் நானே எழுதினேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல், பாயின் அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துப் போட்டேன். நல்ல வரி. அதைப் படித்தால் எந்த அதிகாரியும் கிளம்பி வருவார் என்று நம்பினேன்.

அதிகாரி வந்தார். விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் ஊரைக் கூட்டி வைத்து என் கடிதத்தை உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் கூட்டத்தில் ஒருவர், “இது பாய் எழுத்தாச்சே” என்றார். பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் அவர் எழுதிய மனுக்களின் நகல் இருந்தது. அடித்ததைப் பற்றி வாய் திறக்க யாரும் முன்வரவில்லை. நானும் திறக்கவில்லை. பொய்ப் புகார் என்று எழுதிக்கொண்டு ஆய்வாளர் போய்விட்டார்.

மறுநாள் கோதண்டமும் இருபது பேரும் பழவேற்காட்டுக்குக் கிளம்பினார்கள். ஊரோடு வராவிட்டால் சந்தேகம் வரும் என்று நானும் போனேன்.

“இன்னா பாய், எங்க ஊரு ஜனத்தால பொழச்சிகிட்டு எங்க மேலயே மொட்டைப் பெட்டிஷன் எழுதறியா?” என்றார் கோதண்டம்.

“நான் எழுதல.”

“அந்த வரி உன்னுது இல்ல?”

“வரி என்னுது. காகிதம் என்னுது இல்ல.”

“அப்ப எவன் எழுதினான்னு உனக்குத் தெரியும். சொல்லு.”

பாய் பேனாவை மூடி வைத்தார். “எங்கிட்ட யாரு வந்தாங்க, இன்னா சொன்னாங்கனு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உன் விஷயத்தயும் சொன்னதில்ல கோதண்டம்.”

நான் அவருக்கு எதிரே, மூன்றாவது ஆளாக நின்றிருந்தேன். அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரோ மேசையைக் கவிழ்த்தார்கள். மசி அவர் வேட்டியில் கொட்டியது. ஜமாத்துப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். அவர்களும் தனியாக அழைத்துக் கேட்டார்கள். தான் எழுதவில்லை என்று பாய் சத்தியம் செய்தார். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அதற்குள் கன்னியப்பன் தைரியம் வந்து, இடது கைப் பெருவிரலால் நாட்டு வைத்து, பாய் எழுதிய மனுவை அனுப்பியிருந்தார். அது முறையான மனு. உண்மையான பெயரோடு போனது. ஏற்கெனவே பொய்யென்று முடிந்த புகாரை எழுதியவரே இதையும் எழுதியிருக்கிறார் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். கன்னியப்பன் குடும்பம் ஏரியை விட்டுச் செங்கல் சூளைக்குப் போயிற்று. எந்தச் சூளை என்று நான் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

பாயிடம் யாரும் வருவதில்லை என்றாயிற்று. பகலில் நமக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறைவில் நம் மேலேயே எழுதுவார் என்ற பேச்சு பஸ்ஸில் ஏறி எல்லாக் குப்பத்துக்கும் போயிற்று. மனு எழுத வேண்டியவர்கள் பொன்னேரிக்குப் போனார்கள். ஒரு வருஷம் அவர் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆரம்பாக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனி வாசலில், வந்துபோகும் லாரிகளின் நம்பரைக் குறிக்கும் வேலைக்குப் போய்விட்டார்.

நான்கு வருஷம் கழித்து அங்கே போய் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

“ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிடறேன் பாய்,” என்றேன்.

“சொல்றவரு அன்னிக்கே சொல்லியிருப்பாரு. இன்னிக்குச் சொன்னா அது உங்க மனசுக்குத்தான். கன்னியப்பன் கையி வந்துடுமா?”

ஒரு லாரி வந்தது. நம்பரைக் குறித்துக்கொண்டார்.

“நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாம் பாய்.”

“சொல்லியிருந்தா நான் எழுதலனு நம்பியிருப்பாங்க. அப்புறம் எவன் எங்கிட்ட வந்து மனசுல இருக்கறதச் சொல்லுவான்? சொன்னாலும் தொழில் போச்சு, சொல்லாங்காட்டியும் போச்சு. சொல்லாதது நானா முடிவு பண்ணது.” பிறகு, “உங்க மேல கோவம் இல்லனு நெனைச்சிடாதீங்க. இருக்குது. கெளம்புங்க, பஸ்ஸு வந்துடும்” என்றார்.

அதன்பின் நான் போகவில்லை. அட்டை வந்த மறுநாள் மெகருன்னிசாவைப் பார்த்தேன். உடலைத் தூக்கிச் செல்லவே ஆள் தேட வேண்டியிருந்ததாகச் சொன்னாள். “மனு எழுதி ஊரக் காட்டிக்குடுத்தவருன்னு இன்னும் சொல்றாங்க சார்” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தன் மகளிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவரை அறிந்த பழவேற்காட்டுக்காரர்களுக்கும் குப்பத்து மக்களுக்கும் சொல்கிறேன். மைதீன் பாய் அதை எழுதவில்லை. எழுதியவன் நான். எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது. ஊரில் இன்றும் என்னை நல்ல வாத்தியார் என்கிறார்கள். கோதண்டத்தின் பேரப்பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார்கள். மைதீன் பாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நல்ல பெயர்தான். தன்னுடையதைக் கொடுத்து அவர் அதைக் காப்பாற்றித் தந்தார். இதைப் படித்து முடித்தவர்கள் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.